டிரெட்மில் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது: கம்பெனி ஆளா, உள்ளூர் மெக்கானிக்கா, நாமேவா?

வீட்டில் டிரெட்மில் நின்றுபோனால் மூன்று கட்சிகள் கிளம்பிவிடும். வாங்கிய கம்பெனிக்கே போன் போடு என்பார் ஒருவர். அவர்கள் பில்லைத் தீட்டிவிடுவார்கள், பக்கத்து ஜிம்முக்கு வருகிற மெக்கானிக்கைக் கூப்பிடு என்பார் இன்னொருவர். வீடியோ பார்த்து நாமே கழற்றிவிடலாம் என்று ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பார் வீட்டின் கடைக்குட்டி. மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒரே கோளாறுக்கு அல்ல.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி. முடிந்த பிறகு, விஷயம் தெரிந்த உள்ளூர் மெக்கானிக். பெல்ட் சமாசாரம் என்றால் எப்போதுமே நம் கை.

வாரண்டி காலத்தில் போட்டியே இல்லை

வீட்டு மாடல்களின் வாரண்டி அட்டையில் அடிக்கடி காணும் கணக்கு இது: பிரேமுக்கு நீண்ட காலம், மோட்டாருக்குச் சில ஆண்டுகள், மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு உள்ளிட்ட மற்ற பாகங்களுக்கு ஓராண்டு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது பிரேமின் ஆண்டுகள்தான். பிரேம் உடைந்துவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் செய்கிறவர் அபூர்வம். போகிற பாகம் போர்டு. பெல்ட்டையும் அதன் கீழே இருக்கும் பலகையையும் தேய்மானப் பொருள் என்று பல அட்டைகள் ஒதுக்கிவிடுகின்றன.

இந்தக் காலத்தில் வெளி ஆளை விட்டுத் திறந்தால், "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்ற ஒரே வரியில் கம்பெனி ஒதுங்கிக்கொள்ள வழி கிடைத்துவிடும். ஆகவே தாமதமானாலும் அவர்கள்தான். தாமதம் நிச்சயம் இருக்கும். சென்னை, கோவையில் பரவாயில்லை. தென்காசியிலோ அறந்தாங்கியிலோ இருந்தால், அந்தப் பக்கம் இன்னும் இரண்டு புகார் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். கடைசியில் வருகிறவர் பல ஊர்களில் கம்பெனியின் சொந்த ஆள்கூட இல்லை, ஒப்பந்தத்தில் வேலை செய்யும் அதே உள்ளூர் மெக்கானிக்தான்.

இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இவ்வளவுக்கும் பில் வேண்டும். ஆன்லைனில் வாங்கியவர்கள் அந்த பிடிஎப்பை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்: ஆள் கூப்பிட்டால் காசு தண்டம்

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, கால் வைத்தால் வழுக்குகிறது, காய்ந்துபோய் கரகரக்கிறது. வீட்டு டிரெட்மில்லில் சர்வசாதாரணமான தொல்லைகள் இவை. மூன்றுக்கும் தேவை ஒரு ஆலன் கீ, ஒரு சிலிக்கான் ஆயில் பாட்டில், கொஞ்சம் பொறுமை.

பின்பக்க ரோலரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு போல்ட் இருக்கும். பின்னால் நின்று பார்க்கும்போது பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று திருப்ப வேண்டும். வலப்பக்கம் ஒதுங்கினால் வலது போல்ட்டை. யாரும் ஏறாமல் மெதுவாக ஓடவிட்டு, பெல்ட் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்கவும். வராவிட்டால் இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாக முழுச் சுற்று திருப்பிவிட்டு, பெல்ட் அந்தப் பக்கம் ஓடி ஓரம் பிய்ந்த கதைகள் நிறைய உண்டு.

வழுக்கினால் இரண்டு போல்ட்டையும் ஒரே அளவாக இறுக்க வேண்டும். பெல்ட்டின் நடுப்பகுதியில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் இரண்டு மூன்று அங்குலம் எழ வேண்டும், பொதுவாக அதுதான் அளவு. விறைப்பாக இறுக்கினால் ரோலரின் பேரிங் போகும், மோட்டாருக்கும் சுமை. இறுக்கிய பிறகும் வழுக்கினால் முன்பக்க ரோலரைக் கவனியுங்கள். கால் வைத்ததும் பெல்ட் மட்டும் நின்று ரோலர் சுற்றினால் நடக்கும் பெல்ட் இன்னும் தளர்வு. ரோலரும் சேர்ந்து நின்றுபோய் மோட்டார் மட்டும் சுற்றினால் மோட்டாரையும் ரோலரையும் இணைக்கும் சின்ன பெல்ட்டில் கோளாறு, அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

எண்ணெய் விஷயத்தில் வீடுதோறும் ஒரு விஞ்ஞானி. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எல்லாம் பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே போய், தூசியைச் சேர்த்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். கலப்பில்லாத சிலிக்கான் ஆயில் மட்டுமே சரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டின் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஆயில் ஊற்றுங்கள், வழவழப்பு இருந்தால் வேண்டாம். மெழுகு பூசிய பலகையோடு வரும் சில மாடல்களுக்கு எண்ணெயே கூடாது, கையேட்டில் போட்டிருக்கும்.

நாலாவது ஆள்: எலக்ட்ரீஷியன்

மூன்று கட்சியும் இவரை மறந்துவிடும். டிரெட்மில்லைப் போட்டதும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுகிறது, கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது, ஓட ஓட வேகம் குறைகிறது. இந்த மூன்றிலும் தவறு மெஷினிலும் இருக்கலாம், வீட்டு வயரிங்கிலும் இருக்கலாம். 2 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் 1,500 வாட்டுக்கு மேலேயே எடுக்கும். செல்போன் சார்ஜர் போடும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டி டிரெட்மில்லை ஓட்டினால் முதலில் உருகுவது அந்த பாக்ஸ். 16 ஆம்பியர் பவர் பிளக், ஒழுங்கான எர்த், இரண்டையும் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு டிரெட்மில் ஆளைக் கூப்பிடுங்கள்.

போர்டு: உண்மையான போட்டி இங்கேதான்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பெல்ட் நகர்கிறது. சில விநாடியில் நின்றுவிடுகிறது. திரையில் ஏதோ ஓர் எர்ரர் எண். இந்த எண்களுக்குப் பொதுவான பொருள் இல்லை. ஒரு பிராண்டில் ஈ1 என்றால் வயர் தொடர்பு, இன்னொன்றில் வேறு ஏதோ. உங்கள் மாடலின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த அறிகுறிக்குப் பின்னால் மூன்று சந்தேக நபர்கள். முதலாவது வேக சென்சார். சுற்றும் புல்லியில் ஒரு சின்னக் காந்தம், பக்கத்தில் அதை எண்ணும் சென்சார். தூசி படிந்தாலோ சற்று விலகினாலோ, பெல்ட் சுற்றுவது போர்டுக்குத் தெரியாது, நிறுத்திவிடும். இரண்டாவது, கைப்பிடித் தூண் வழியாக மேலே திரைக்குப் போகும் வயர். மடித்து மடித்து நிமிர்த்தும் மாடல்களில் இது நசுங்கும், இணைப்பு தளரும். மூன்றாவதுதான் போர்டு. முதல் இரண்டும் அற்பச் செலவு, மூன்றாவது பெருஞ்செலவு. எர்ரர் எண்ணைப் போனில் கேட்டவுடனே "போர்டு போயிடுச்சு சார்" என்கிறவர் கம்பெனி ஆளானாலும் உள்ளூர் ஆளானாலும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

போர்டே போயிருந்தால் இரண்டு தரப்பும் பிரிகின்றன. கம்பெனி சர்வீஸில் பெரும்பாலும் போர்டைப் பழுதுபார்ப்பதில்லை, முழுசாக மாற்றுவார்கள். அதே மாடலுக்கான போர்டு வரும், வேகமும், மேடேறுவது போல் முன்பக்கத்தைத் தூக்கும் சாய்வும் சரியாகப் பொருந்தும், மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி கேட்டு வாங்கலாம். விலைதான் கடிக்கும். மாடல் பழசு என்றால் ஸ்பேர் இல்லை என்று கைவிரிப்பதும் உண்டு.

உள்ளூர் மெக்கானிக் போர்டைக் கழற்றி எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு எடுத்துப் போவார். பெரும்பாலும் வெடித்திருப்பது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் டிரான்சிஸ்டர், அல்லது ரிலே, அல்லது கெபாசிட்டர். இவற்றில் நிறைய சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற சாமான்கள்தான். மற்ற ஊர்களுக்குக் கூரியரில் வரும். புதுப் போர்டு விலையில் சின்னப் பங்கில் வேலை முடியும். ஆபத்து எங்கே என்றால், அது முடியாதபோது எல்லா மெஷினுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு பொதுப் போர்டை மாட்டுவார்கள். திரையில் 6 கி.மீ. என்று காட்டும், பெல்ட் வேறு வேகத்தில் ஓடும், சாய்வு வேலை செய்யாது. மாட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

நம் கை இங்கே வேண்டாம். 230 வோல்ட்டை நேர் மின்சாரமாக மாற்றும் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். இன்னொன்று, அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் ஆன் செய்ததும் பெல்ட் முழு வேகத்தில் பாயலாம். கோளாறான மெஷின் என்றில்லை, எந்த டிரெட்மில்லையும் பெல்ட்டின் மேல் நின்றபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

போர்டு ஏன் போனது என்று கேட்கிறவரே நல்ல மெக்கானிக். காய்ந்த பெல்ட் பலகையில் உரசுகிறது, மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது, போர்டு சூடாகி எரிகிறது. பழைய பெல்ட்டை அப்படியே விட்டுப் புதுப் போர்டை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். விவரமானவர் கிளாம்ப் மீட்டரை மாட்டி, உங்களை நடக்கச் சொல்லி, ஆம்பியரைப் பார்ப்பார். "பெல்ட்டை மாத்தாம போர்டை மட்டும் மாத்தினா நான் மறுபடி வரணும் சார், பரவாயில்லையா?" என்று கேட்பார். அந்த நம்பரைச் சேமித்து வையுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் பில் போடும் கம்பெனி ஆளைவிட இவர் மேல்.

மோட்டார்

வீட்டு மாடல்களில் பெரும்பாலும் டிசி மோட்டார். பொறி பறக்கிறது, தீய்ந்த வாடை, விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் கார்பன் பிரஷ். மிக்ஸியில் தேயும் அதே சமாசாரம், அளவு மட்டும் வேறு. கம்பெனியைக் கூப்பிட்டால் மோட்டாரையே மாற்றச் சொல்லக்கூடும். உள்ளூரில் பிரஷ் மட்டும் மாறும். காயில் எரிந்திருந்தால் மோட்டார் காயில் கட்டும் கடை உண்டு. ஆனால் பம்ப்செட் மட்டும் கட்டுகிற கடையில் கொடுக்காதீர்கள், டிரில்லிங் மெஷின் ஆர்மேச்சர் கட்டிப் பழகியவரிடம் கொடுங்கள்.

ஏஎம்சி, வாக்கிங் பேட், தலைமுழுகுவது

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு குடும்பம் நடக்கிற மெஷினுக்கு வீண். அதில் செய்வது பெரும்பாலும் தூசி துடைத்து எண்ணெய் விடுவது. ஸ்பேர் விலை சேராத ஒப்பந்தம் என்றால் இன்னும் மோசம். அடுக்ககச் சங்கத்து ஜிம்முக்குக் கதை வேறு. அங்கே நாள் முழுக்க ஓடும், மோட்டாரும் ஏசி வகையாக இருக்கலாம், விபத்து என்றால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வரும். அங்கே ஸ்பேரும் சேர்ந்த ஒப்பந்தத்தில் கம்பெனி ஆள் வருவதே சரி.

மேஜைக்கு அடியில் தள்ளும் வாக்கிங் பேடில் எல்லாம் நெருக்கமாகத் திணித்திருக்கும். அதை ரிப்பேருக்கு எடுக்காத உள்ளூர் மெக்கானிக்குகள் உண்டு. அந்த வகையை வாங்குகிறவர், வாங்கும் முன்பே போர்டும் பெல்ட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, எப்போது தலைமுழுகலாம்? மோட்டார், போர்டு, பெல்ட், பலகை நான்கில் ஒன்று மட்டும் போயிருந்தால் சரிசெய்யுங்கள். இரண்டு சேர்ந்து போய், கேட்கிற தொகை அதே தரத்தில் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் செலவழிக்க மாட்டேன். அப்போதும் எடைக்குப் போடாதீர்கள். உங்களுக்கு உதவாத அதில் மோட்டாரோ திரையோ நன்றாக இருக்கும். அதே மாடலுக்கு ஸ்பேர் தேடிக்கொண்டிருக்கும் அந்த மெக்கானிக்கே பழைய இரும்புக் கடைக்காரரைவிட நல்ல விலை கொடுப்பார், மாடியிலிருந்து இறக்கும் கூலியையும் அவர் தலையிலேயே கட்டிவிடலாம்.