"வாளப்பளம்" என்று படித்த பிள்ளைக்கு முழு மதிப்பெண்: தமிழ் வகுப்புக்கு மென்பொருள் வாங்குவோர் கவனத்துக்கு

நான் ஒரு தனியார் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடத்துக்கென ஒரு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கி, மூன்றாண்டு உரிமத்துக்கு 2,40,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினோம். அதை வாங்கலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்திட்ட மூவரில் நானும் ஒருவன்.

விற்பனைப் பிரதிநிதி செய்து காட்டியபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை உரக்கப் படித்தால் மென்பொருள் அதைக் கேட்டு உச்சரிப்புக்கு மதிப்பெண் தரும் என்றார். தம் மடிக்கணினியில் இருந்த பத்தியைத் தாமே படித்தார். திரையில் பச்சை நிறத்தில் 96 என்று வந்தது. முதல்வரின் அமைதியான அறையில், பழகிய குரலில், அவரே தேர்ந்தெடுத்து வைத்திருந்த பத்தியைத்தான் படித்தார் என்பது அன்று எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

வகுப்பில் "வாழைப்பழம்" என்பதை "வாளப்பளம்" என்று படித்த மூன்றாம் வகுப்புச் சிறுவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. முதலில் தற்செயல் என்று எண்ணி, நானே வேண்டுமென்று தவறாகப் படித்துப் பார்த்தேன். எனக்கும் முழு மதிப்பெண். காரணம் பிறகுதான் விளங்கியது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும், கேட்ட ஒலிக்கு நெருக்கமாகத் தமக்குத் தெரிந்த சொல் எது என்று ஊகித்தே எழுதுகின்றன. "பளம்" என்று ஒரு சொல் வழக்கில் இல்லாததால், அது தானாகவே "பழம்" என்று திருத்திக்கொண்டு, தன் திருத்தத்துக்கே மதிப்பெண்ணும் போட்டுவிட்டது. கடிதம் சொல்லி எழுதவைக்கும்போது உதவுகிற அதே குணம், லகர ளகர ழகர வேறுபாட்டைச் சோதிக்க வேண்டிய இடத்தில் பிழையை மூடி மறைக்கிறது.

எழுத்துத் தேர்வில் இதற்கு நேர்மாறு நடந்தது. "கொடி" என்று சரியாகவே தட்டச்சு செய்த சில பிள்ளைகளுக்குச் சிவப்புக் குறி விழுந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவ்விரண்டையும் சமமாகக் கருத வேண்டும் என்பது தமிழைக் கையாளும் எந்த மென்பொருளுக்கும் பாலபாடம். தமிழுக்கென்றே உருவாக்கியதாக விளம்பரம் செய்யப்பட்ட ஒன்றுக்கு அது தெரியவில்லை. ஒரு பெண் பிள்ளை மூன்று முறை அழித்து எழுதிவிட்டு, "ஐயா, கொடிக்கு வேற எழுத்து இருக்கா?" என்று கேட்டாள்.

இனி இது வேண்டாம் என்று முடிவு செய்து, நாங்கள் ஓராண்டாக உள்ளிட்டிருந்த வினாக்களை வெளியே எடுக்க முயன்றோம். அவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு முறையில் சேமிக்கப்பட்டிருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகளைக் கொண்டு சரிசெய்தோம் என்றாலும், இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்த வினாக்களை மீண்டும் கையால்தான் தட்டச்சு செய்தோம்.

இத்தகைய மென்பொருளை வாங்க நினைக்கும் பள்ளிகள், செய்து காட்டும் நாளில் தங்கள் வகுப்பிலிருந்தே நான்கைந்து பிள்ளைகளை அழைத்து, அவர்களுள் தடுமாறிப் படிக்கும் ஒருவரையாவது சேர்த்து, மின்விசிறி ஓடும் வகுப்பறையிலேயே படிக்கச் சொல்லுங்கள். பிழையாகப் படித்தால் என்ன காட்டுகிறது என்பதையே முதலில் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டும் ஒருமுறை இயக்கச் சொல்லுங்கள். எங்கள் கருவி அந்த நொடியே நின்றிருக்கும். பத்து வினாக்களை உள்ளிட்டு, அவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் குரல் எங்கே சேமிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நாங்கள் பெற்றோரிடம் கேட்கவே இல்லை. கட்டணத்தை ஆண்டுதோறும் கட்டும்படி ஒப்பந்தம் செய்யுங்கள். எங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், "பயன்பாட்டுச் சூழலைப் பொறுத்து விளைவுகள் மாறலாம்" என்ற ஒரு வரி இருந்ததைப் பணம் கட்டிய பிறகே படித்தோம்.

இப்போது வகுப்பில், பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு, ஒரு சாதாரணக் கைப்பேசியில் பிள்ளை படிப்பதைப் பதிவு செய்து, அவர்களுக்கே போட்டுக் காட்டி, அன்று மாலையே அழித்துவிடுகிறேன். "வாளப்பளம்" என்று படித்த சிறுவன் தன் குரலைக் கேட்டுச் சிரித்தான். நான்காம் நாள் நாவை மடித்து ழகரத்தைப் பிடித்துவிட்டான். மீதி இரண்டாண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி நாங்கள் அனுப்பிய இரண்டு பதிவுத் தபால்களுக்கு இதுவரை பதில் வரவில்லை.