மெமரி கார்டு கேமராவா, ஏஐ கேமராவா?

புலிக் கணக்கெடுப்புக்குக் காட்டில் கட்டிவைக்கும் மெமரி கார்டு கேமரா போதும். வேட்டைக்காரரைப் பிடிக்க உதவாது: கார்டைக் கழற்றிப் பார்ப்பதற்குள் ஆள் போய் வாரக்கணக்காகியிருக்கும். பெட்டியைத் திருடினால் படமும் போய்விடும்.

2022-இல் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா–பென்ச் காட்டில் இறக்கிய ட்ரெயில்கார்டு என்ற ஏஐ கேமரா, படத்தை அங்கேயே பிரித்தறிந்து, ஆளோ புலியோ தெரிந்தால் அரை நிமிட அளவில் கைபேசிக்கு அனுப்பிவிடும். வெயிலில் ஆடும் புல்லால் விழும் வெற்றுப் படங்களை அனுப்பாததால் பேட்டரி நீடிக்கும். ஆளைப் படம்பிடிக்க, கேமராவை ஆள் உயரத்துக்கு மேல் கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். இரவுப் படத்துக்கான அகச்சிவப்பு விளக்கில், 850 நானோமீட்டர் அலைநீளம் இருட்டில் சிவப்பாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாத 940-தான் நல்லது.

டவர் எட்டாத பள்ளத்தில் இதுவும் வெறும் பெட்டிதான். இலுப்பைப்பூ பொறுக்க வருபவரும் 'மனிதர்' என்றே பதிவாவார். அவர்களைக் குற்றவாளியாக்கக் கூடாது; இரவு எச்சரிக்கைக்கே முதலில் ஓடுங்கள்.