அப்பாவின் அலர்ஜி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். மற்றதெல்லாம் நல்லபடி, அதை விடுங்கள். அப்பாவை இருமலுக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அந்த ஒரு மாலையைத்தான் சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரே, மடிப்பில் கிழிந்த சீட்டுகள், அதைத் தூக்கிக்கொண்டு அம்மா. இந்த முறை பதிவெண்ணைச் சொன்னதும் அப்பாவின் நான்கு வருட கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, திரையில் ஒரே கோடாக வந்து நின்றது. "மெல்ல ஏறுது, பாருங்க" என்று டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அமெரிக்காவில் என் டாக்டர் தட்டச்சு செய்துகொண்டேதான் பேசுவார். முகம் பார்ப்பதே அபூர்வம். எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நிமிடம்தான். அச்சாகி வந்த சீட்டில் முதல் வரியே அமாக்சிசிலின். அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது, ஒரு தடவை உதடு வீங்கி மூச்சுத் திணறியவர். இதுவும் அந்த வகை மருந்துதான். அம்மா பேசாமல் பையிலிருந்து பழைய ஃபைலை எடுத்தார். அட்டையில் எங்கள் பழைய டாக்டர் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

கம்ப்யூட்டரில் இல்லையா? இருந்தது! அதுதான் கொடுமை. போன தடவை யாரோ அதைப் 'பிற குறிப்புகள்' கட்டத்தில் தட்டிவைத்திருக்கிறார்கள். ஒவ்வாமைக்கென்று உள்ள கட்டத்தில் மருந்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்திருந்தால்தான் அந்த மென்பொருள் எச்சரிக்குமாம். குறிப்பில் கிடப்பதை அது படிக்காது. அந்தக் கட்டம் காலி. காலி என்றால் அலர்ஜி இல்லை என்று அர்த்தமா, யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமா?

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2009-இல் சட்டம் போட்டு, அரசே பணம் கொடுத்து இந்தக் கம்ப்யூட்டர் மருத்துவப் பதிவுகளைப் பரப்பினார்கள். அங்கே தொல்லை வேறு மாதிரி, தொட்டதற்கெல்லாம் எச்சரிக்கை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்களாம். நூறு தடவை வீணாகக் கத்தினால் நூற்றியோராவது யார் காதில் விழும்?

சரி, டாக்டர் மருந்தை மாற்றினார். நான் விடவில்லை. உரிய கட்டத்தில் ஏற்றும்வரை நர்ஸ் பக்கத்திலேயே நின்றேன். அப்பாவின் பெயருக்கு மேலே சிவப்புப் பட்டை ஒன்று வந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "வேற ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கயும் இப்படி சிவப்பா வருமா?"

"அங்க வராதும்மா."

ஃபைல் மறுபடி பைக்குள் போனது.