வீடியோ ஈஇஜி வார்டில் இரண்டு நாள்

தங்கச்சிக்கு வலிப்பு என்று ஒன்றரை வருஷமாக இரண்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. வால்ப்ரோயேட்டில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. லெவெடிராசிடம் ஆரம்பித்ததிலிருந்து தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். வலிப்பு மட்டும் நின்றபாடில்லை. பெயிண்ட் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அம்மாவையும் அவளையும் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் வலிப்பு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

டோக்கன் பத்தரைக்கு, கூப்பிட்டது ஒன்றே முக்காலுக்கு. உட்கார இடமில்லை. சரி, அதை விடுவோம். உள்ளே போனபின் நாற்பது நிமிஷம் எங்களுக்கே.

டாக்டரம்மா ஃபைலைத் தொடவில்லை. "வரும்போது உனக்கு எப்படிம்மா இருக்கும்?" என்று தங்கச்சியைக் கேட்டார். அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. "எல்லாரும் பேசுறது எங்கேயோ தூரத்துல கேக்கும், பதில் சொல்ல வராது" என்றாள். அடுத்த கேள்வி எங்களுக்கு: கண் திறந்திருக்குமா, மூடியிருக்குமா? நான் விழித்தேன். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதிலேயே குறியாக இருந்தவன், கண்ணை எங்கே பார்த்தேன்? அம்மாதான் சொன்னார்: "இறுக்கி மூடிக்குவா. திறக்கப் பார்த்தா இன்னும் இறுக்குவா." டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்து ஓரங்களைப் பார்த்தார். கடிபட்ட தழும்பு இல்லை.

என் போனில் ஒரு வீடியோ இருந்தது, ஆறு நிமிஷம். அவள் துடிக்கும்போது படம் பிடித்தோமே என்று கூசிக்கொண்டு யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன். டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார், இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு. தலை 'வேண்டாம், வேண்டாம்' என்பதுபோல் பக்கவாட்டில் ஆடுகிறது. கை ஒரு தாளத்தில், கால் வேறு தாளத்தில். நடுவில் அடங்கி, மறுபடி கிளம்புகிறது. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற கால்-கை வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிஷத்துக்குள் ஓய்ந்துவிடுமாம். கண் திறந்திருக்கும், முடிந்தபின் குறட்டைபோல மூச்சு வாங்கும், வெகுநேரம் குழம்பிக் கிடப்பார்களாம். முன்பு பார்த்த இடத்தில் 'சிறுநீர் போனது' என்பதைப் பெரிய சாட்சியாக எழுதியிருந்தார்கள். அது கால்-கை வலிப்பிலும் நடக்கும், வலிப்புபோலவே தெரியும் வேறொன்றிலும் நடக்கும் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

ஆனாலும் உடனே தீர்ப்பு சொல்லவில்லை. எந்த அடையாளமும் தனியாக நின்று முடிவு சொல்லாது, மூளையின் முன்பகுதியில் கிளம்பும் வலிப்பும் விசித்திரமாகத்தான் இருக்கும், சிலருக்கு இரண்டுமே உண்டு என்றார். அதனால்தான் இரண்டு நாள் வீடியோ ஈஇஜி: தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளையும், கூடவே அவளைப் படம் பிடித்தும் பதிவு செய்வது.

வார்டு சுத்தம். கட்டிலின் இரு பக்கக் கம்பிக்கும் மெத்தை கட்டியிருந்தார்கள். தலையில் ஒயர் ஒட்டிய பசை மூன்று தடவை தலைக்குக் குளித்தும் போகவில்லை. கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம். மறுநாள் சாயங்காலம் அவளுக்கு வலிப்பு வந்தது. நர்ஸக்கா ஓடிவந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கையைத் தூக்கிப் பார்த்தார், ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். அடங்கியபின் அந்தச் சொல்லைத் தங்கச்சி திருப்பிச் சொன்னாள்!

டாக்டர் எங்களைத் திரை முன் உட்கார வைத்தார். தசை ஆட்டத்தின் கிறுக்கல்களுக்கு இடையே, அவள் அசையாத நொடிகளில், நொடிக்கு 8 முதல் 13 வரை வரும் ஆல்ஃபா அலை. கண் மூடி விழித்திருப்பவருக்கு வருவது. "இது நடிப்பு இல்லை. அவள் வேணும்னு செய்யல. ஆனா மாத்திரையில் தீர்கிற வலிப்பும் இல்லை" என்றார். தங்கச்சி அழுதாள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதிக் கொடுத்தார். இதுவரைக்கும் ஐந்துக்கு ஐந்து.

மதிப்பெண் குறைவது டிஸ்சார்ஜில். மனநல ஆலோசகர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். கிடைத்த தேதி இருபத்து நான்கு நாள் தள்ளி. முக்கியமான சிகிச்சையே அதுதான் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா? அதைவிடக் கொடுமை, சம்மரியில் யாரோ 'சூடோ', அதாவது 'போலி' என்று தட்டியிருந்தார்கள். அத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அப்போ பொய்யாடி?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டார்.

மறுபடி போய் கவுன்டரில் ஒரு மணி நேரம் நின்று மாற்றி வாங்கினேன். இப்போது 'செயல்பாட்டு வலிப்பு', அதாவது மூளையின் மின்கோளாறு இல்லாமல், வேண்டுமென்று செய்யாமலும் வருவது என்ற பொருளில் சரியாக இருக்கிறது. பழைய தாளின் படம் மட்டும் அத்தையின் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது.