3600-இலிருந்து 5600: சிப் தங்கம், விசிறிதான் சனி

போன வாரம் மதர்போர்டில், அதன் செட்டிங்குகளைக் காத்து வைத்திருக்கும் சிமாஸ் பேட்டரி உயிரை விட்டது. சிஆர்2032, வாட்ச் கடையில் கிடைக்கிற வட்ட பேட்டரிதான், விலை டீ வடைக் கணக்கு. மாற்றிப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) நான் உட்கார்ந்து செதுக்கி வைத்திருந்த செட்டிங் மொத்தமும் போய்விட்டது. சிபியூ விசிறி மறுபடியும் தன் பழைய பாட்டை ஆரம்பித்துவிட்டது. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் ஊய்ங் என்று ஏறும். இரண்டு விநாடி கழித்து இறங்கும். மெயில் வந்தால் ஏறும். எதுவுமே செய்யாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும், உள்ளே விண்டோஸ் ஏதோ நோண்டும், அதற்கும் ஒருமுறை ஏறி இறங்கும். இந்தக் கடுப்போடு எழுதுகிறேன். நியாயம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எழுத இன்னொரு காரணம், பெருந்துறையில் இருக்கும் சித்தி பையன். 3600, 5600, 7600 என்பவை ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 சிபியூ சிப்புகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தவை. "ஏனுங்ணா, 3600-ஐத் தூக்கிப் போட்டுட்டு 5600 போட்டுக்கலாமுங்களா, இல்ல போர்டோட மாத்தி 7600-க்கே போயரலாமுங்களா?" என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் 3600, 5600 இரண்டையும் ஒரே போர்டில் வருடக்கணக்கில் ஓட்டியவன் என்பதால் கேட்கிறான். பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், 1080பி. நடுவில் சிப் மட்டும்தான் மாறியது, ஆகவே ஒப்பிட வசதி.

டப்பாவை மட்டும் படித்தால் எதற்கு மாற்ற வேண்டும் என்றுதான் தோன்றும். இரண்டிலும் ஆறு கோர் (வேலை செய்யும் மூளைகள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கும் வேலைகள்), 65 வாட், 32 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). வெளிவந்தபோது வைத்த விலைகூட ஒன்றுதான், 199 டாலர். முன்னது 2019 ஜூலை, பின்னது 2022 ஏப்ரல். அதிகபட்ச வேகம் 4.2-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் உள்ளே இருக்கிறது. 3600-இல் ஆறு கோரும் மூன்று மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். கேஷும் பதினாறு பதினாறாகப் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக் கோர், மறுபக்கம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டால் அது நடுவிலிருந்து எல்லாவற்றையும் இணைக்கும் ஐஓ சிப்பைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வீடியோ எடிட்டிங்கில் இது பெரிதாகத் தெரியாது. கேம் அப்படியல்ல, ஒரு ஃபிரேமுக்குள் எல்லா கோரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருக்கும். 5600-இல் ஆறு கோரும் ஒரே தொகுப்பில், 32 எம்பியும் எல்லோருக்கும் பொது. ஒரே வேகத்தில் ஓட்டினாலும் முந்தைய தலைமுறையைவிட 19 சதவீதம் கூடுதல் வேலை நடக்கும் என்று ஏஎம்டி சொன்னதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சரி, கையில் என்ன கிடைத்தது? சராசரி ஃபிரேம் கணக்கைப் பார்த்தால் பல கேம்களில் ஏமாற்றம்தான். கிராஃபிக்ஸைத் தூக்கி வைத்து ஆடும் கேமில் 3060-தான் முதலில் மூச்சு வாங்கும், சிபியூ சும்மா உட்கார்ந்திருக்கும். அங்கே எந்த சிப்பைப் போட்டாலும் ஒன்றே. ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் புகைக்குண்டு விழுந்து நாலு பேர் ஒரே இடத்தில் சுட ஆரம்பிக்கும் அந்த நொடி இருக்கிறதே, 3600-இல் படம் லேசாகத் தடுக்கும். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகத்தான் காட்டும், கை மட்டும் உணரும். 5600 போட்ட அன்று அந்தத் தடுக்கல் போய்விட்டது. ஜிடிஏ 5-இல் நகரத்துக்குள் காரை விரட்டும்போது திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சின்ன வெட்டு வரும், அதுவும் போயிற்று. சைபர்பங்க்கில் கூட்டமான தெருவில் நடப்பது இப்போதுதான் நடப்பதுபோல் இருக்கிறது. ஒன் பர்சென்ட் லோ என்று சொல்வார்களே, மிக மோசமான நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்கள், அங்கேதான் இந்த சிப் காசுக்கு வேலை செய்கிறது. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. இந்த விஷயத்தில் 5600-க்கு ஒரு கும்பிடு.

பழைய போர்டிலேயே போட முடிந்தது இரண்டாவது கும்பிடு. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2020 மே மாதம், அடுத்த தலைமுறை சிப்பு (5600 வந்த தலைமுறை) என் பி450 போன்ற 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்திய கத்தலில் அதே மாதத்திலேயே பின்வாங்கி, சரி பயாஸ் தருகிறோம் என்றார்கள். அந்தக் கத்தலின் பலனை நாமெல்லாம் இன்றும் அனுபவிக்கிறோம். பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் கை வைக்கக்கூடாது. பயாஸ் ஏறும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் எங்கள் லைனில் கரண்ட் போக ஆசைப்படும்.

சிப்பைக் கழற்றுவதில் ஒரு பக்குவம் உண்டு, ஏஎம்4 (இந்த சிப்புகள் உட்காரும் சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். இதில் பின்கள் எல்லாம் சிப்பின் அடியில்தான் இருக்கின்றன, 1331 பின். சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்துபோய், சிப்பையும் கூலரையும் ஒட்டிவைத்திருக்கும். கூலரை அப்படியே மேலே இழுத்தால் லாக் போட்டிருந்தாலும் சிப் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். அரை மணி நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருக வேண்டும். 'ப்ளச்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் தூக்கினால் போதும்.

இனி விசிறி.

எங்கள் வீடு பல்லடத்துக்குப் பக்கத்தில், தறிக்குடோனை ஒட்டி. பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில்தான் தூக்கம். டக்கு டக்கு என்று பகலும் ராத்திரியும் ஒரே தாளத்தில் ஓடுவது காதில் விழுவதே இல்லை. தறி நின்றால்தான் முழிப்பு வரும். வெளியூர்க்காரர்கள் வந்தால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட காதுக்கு இந்தச் சின்ன விசிறி ஏன் உறுத்த வேண்டும்? அது நிலையாகக் கத்தாததுதான் காரணம். ஏறி ஏறி இறங்குகிறது. ஒரே மாதிரி கத்தினால் மனசு ஒதுக்கிவிடும், மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் என்னவென்று திரும்பிப் பார்க்கச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, வீடே அமைதியாக இருக்கும், அன்றைக்கு அது தனிக்கச்சேரி. அப்பா ஹாலில் இருந்தே, "ஏப்பா, அந்தப் பொட்டிக்கு என்ன இழுப்பா?" என்கிறார்.

இதில் சிப்பைக் குறை சொல்ல முடியாது. சூட்டைக் கக்கும் அந்தச் சின்னச் சில்லு எண்பது சதுர மில்லிமீட்டர் அளவுதான். ஒரு டேப் திறந்தால் ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் பாயும், வெப்பம் ஒரு கணத்தில் பத்துப் பதினைந்து டிகிரி எகிறும், வேலை முடிந்ததும் விழும். 3600-உம் இப்படித்தான், 5600-உம் இப்படித்தான். எனக்குக் கோபம் போர்டு செய்த கம்பெனி மேல். பெயர் வேண்டாம். அந்த எகிறலையெல்லாம் அப்படியே விசிறிக்கு அனுப்பும்படி பயாஸை வைத்து விற்றிருக்கிறார்கள். சூடு ஏறிச் சில விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டு என்கிற ஆப்ஷன் உள்ளேயே இருக்கிறது, ஆனால் பூஜ்யத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு எண்ணை மாற்றி விற்க என்ன செலவு? நான் செய்து வைத்திருப்பது இதுதான்: 65 டிகிரி வரைக்கும் விசிறி ஒரே மெதுவான வேகம், அதற்குமேல் படிப்படியாக ஏற்றம், 80-ஐத் தொட்டால் முழு வேகம், அந்தப் பொறுமை நேரத்தை எவ்வளவு கொடுக்கிறார்களோ அவ்வளவு. டேப் திறந்தால் இப்போது ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பயாஸ் அப்டேட் செய்தால் போய்விடும். பேட்டரி செத்தாலும் போய்விடும். ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி செட்டிங்கும் கூடவே போய், 3200-இல் ஓட வேண்டியது குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதைப் பலபேர் கவனிப்பதே இல்லை. செட்டிங் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த போட்டோவைப் பார்த்துத்தான் போன வாரம் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன்.

அடுத்தது பஞ்சு. சென்னை, பெங்களூரிலிருந்து வரும் ரிவ்யூக்களில் இது வராது. இங்கே காற்றிலேயே பஞ்சு மிதக்கிறது. டப்பாவோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரில் விசிறி மேலே, அலுமினியத் தகடுகள் கீழே. பஞ்சு விசிறிக்கு அடியில் போய்ப் படியும், வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பங்குனி கடைசியில் கேமில் 90 டிகிரியைத் தொட்டு வேகம் குறைய ஆரம்பித்தது, 5600-க்கு எல்லை அதுதான். விசிறியை எடுத்துப் பார்த்தால் தகடுகளின் மேல் வட்டமாக ஒரு பஞ்சுப் படலம், நடுவில் மோட்டார் அளவுக்குச் சரியாக ஓட்டை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன், காடா துணியில் வெட்டிய பீஸ் மாதிரி முழுசாக ஒரே துண்டாகக் கையில் வந்தது. திருப்பூர், சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் இன்றைக்கே திறந்து பாருங்கள். கம்ப்ரஸரில் காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும். டேங்கில் தண்ணீர் கட்டியிருந்தால் முதலில் வெளியே கொஞ்சம் அடித்துவிட்டு அப்புறம் பெட்டிக்குள் அடிக்கவும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் கோயமுத்தூர் போய் ஒரு டவர் கூலர் (கோபுரம் மாதிரி நிற்கும் உயரமான கூலர்) பார்த்தேன். காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர், "65 வாட் சிப்புக்கு இதெல்லாம் எதுக்குங்க, டப்பா கூலரே போதுமுங்க" என்றார். அவர் கடையில் ஏசி. நான் கேட்காமல் வாங்கிப் போட்டேன். விசிறி பக்கவாட்டில் இருப்பதால் டவரில் பஞ்சு முன்முகத்தில் படிகிறது, பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும். சத்தமும் பாதிக்குப் பாதி. சிப் மாற்றியதைவிட இதற்குத்தான் வீட்டில் நல்ல பெயர் கிடைத்தது. ஆனாலும் போன வாரம் செட்டிங் போனதும் டவரும் அதே பாட்டைப் பாடியது, சுருதி மட்டும் கொஞ்சம் தாழ்வு.

விலைக்கு வருவோம். நான் வாங்கும்போது 5600 பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. பழைய சிப்பை விற்ற காசைக் கழித்தால் இன்னும் குறைவு. வாங்கும்போது 5600ஜி, 5500 என்று எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அவற்றில் எல்3 கேஷ் 16 எம்பிதான், மேலே சொன்ன சுகமே அந்த 32-இல் இருக்கிறது. 96 எம்பி கேஷோடு 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி என்று இரண்டு இதே போர்டில் ஓடும், இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. அவற்றின் டப்பாவில் கூலரே கிடையாது, என்னைக் கேட்டால் அதையும் ஒரு பிளஸ் பாயின்ட்டாகச் சேர்க்கலாம்.

தம்பியிடம் இருப்பது 3600-உம் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டும். அவன் ஆடும் கேமில் ஓவர்லே (திரை ஓரத்தில் எண்களைக் காட்டும் வசதி) போட்டு, கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 97, 98 என்று அனுப்பியிருக்கிறான். அப்படியென்றால் சிபியூ மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை, கார்டுதான் மாற்ற வேண்டும். அறுபது எழுபதில் நின்றிருந்தால் 5600 போடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: 3600 வைத்திருப்பவர்கள் இன்றைக்கு 5600 வாங்க வேண்டாம். ஒரு டவர் கூலர் வாங்குங்கள், பஞ்சைத் தட்டுங்கள், பயாஸில் அந்த எண்ணை மாற்றுங்கள், மிச்சக் காசைக் கார்டுக்குச் சேர்த்து வையுங்கள். புதிதாக ஏஎம்4 போர்டில் ஆரம்பிப்பவர்கள் மட்டும் யோசிக்காமல் 5600 எடுக்கலாம். என் 5600-ஐக் கொடுத்துவிட்டு 3600-க்குத் திரும்பிப் போகச் சொன்னால் மட்டும் நடக்காது.

7600? வேகமான சிப், சந்தேகமில்லை, 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டுக்கு 2027-க்கு அப்புறமும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் போர்டு புதிது, ரேம் டிடிஆர்5. 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய எகிறலைப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளட்டும். அத்தனையும் கொடுத்து வாங்கி டப்பாவைப் பிரித்தால், உள்ளே கூட வருவது அதே ரெய்த் ஸ்டெல்த் கூலர்தான். தம்பிக்கு இதைச் சொன்னேன், இன்னும் பதில் வரவில்லை.