பல்லிக்குத் தோல் வைத்தியம்: தீவுப் பக்கக் கிளினிக்குக்கு ஐந்தில் நான்கு

அம்மாவிடம் பில்லைக் காட்டியது என் தப்பு. 430 மலேசிய வெள்ளி. "பல்லிக்கா? நம்ம வீட்டுச் சுவத்துல இருக்கிறதெல்லாம் எந்த டாக்டர்கிட்டப்பா போவுது?" என்று கேட்டவர், இரண்டு நாளாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வளர்க்கும் மிளகு சுவர்ப்பல்லி இல்லை, லெப்பர்ட் கெக்கோ, பாகிஸ்தான் ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மண்ணில் வாழ்கிற இனம், கண்ணுக்கு இமை உண்டு, கண்ணாடியில் ஏறக்கூடத் தெரியாது என்று எவ்வளவோ விளக்கினேன். "பல்லி பல்லிதான்" என்று முடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். மிளகின் அடிவயிற்றில், பின்கால் சேருகிற இடத்தில், பழுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தது. பக்கத்திலேயே இரண்டு சின்னக் கொப்புளம். நான் வழக்கமாகப் புழு வாங்கும் கடையில் படத்தைக் காட்டினேன், "தோல் உரிக்குது பாஸ்" என்று சொல்லி 35 வெள்ளிக்கு ஒரு ஸ்ப்ரே கொடுத்தார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். நல்லபடியாகத் தோல் உரித்தால் மிளகு அதைத் தானே தின்றுவிடும், மிச்சம் இருக்காது. ஸ்ப்ரேயில் ஒன்றும் ஆகவில்லை என்றதும் வீட்டில் படைக்குப் போடுகிற களிம்பை எடுத்து நான்கு நாள் தடவினேன். பொருக்கு உள்ளங்கால் வரை வந்துவிட்டது. 58 கிராம் இருந்தது 49க்கு இறங்கி, கொழுப்பைச் சேர்த்து வைக்கும் வால் சுருங்க ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது.

பட்டர்வொர்த்தில் நான் விசாரித்த இரண்டு இடத்திலும் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். அதனால் மிளகைக் காற்றுத் துளை போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவைப் பைக்குள் வைத்து, மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போனேன். கிளினிக் பெயரை இங்கே போடவில்லை, கீழே சில குறையும் சொல்லப்போகிறேன்.

டாக்டர் முதலில் கேட்டது தொட்டியின் படத்தை. மிளகை அப்புறம்தான் டப்பாவிலிருந்து எடுத்தார். தரையில் என்ன போட்டிருக்கிறாய், சூடான மூலை எத்தனை டிகிரி, ராத்திரி ஏர்கான் போடுவாயா என்று வரிசையாகக் கேள்வி. தேங்காய் நார்த்தூள், 27 டிகிரி, போடுவேன். மூன்றுமே தப்பு. பினாங்கில் காற்றே ஈரம், அதன் மேல் ஈரம் பிடிக்கிற நார்த்தூளைப் போட்டு, சூடும் இல்லாமல் வைத்தால் வயிறு நாள் முழுக்க நனைந்த துணியில் படுத்த மாதிரிதான். ஊர்வனவற்றின் எதிர்ப்புச் சக்தி உடம்புச் சூட்டை நம்பி இருக்கிறது, குளிரில் அது சரியாக வேலை செய்யாது என்றார். களிம்பைப் பற்றிச் சொன்னதும் டியூபின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஸ்டீராய்டு கலந்தது. இருந்த கொஞ்ச எதிர்ப்பையும் நானே அமுக்கி வைத்திருக்கிறேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

நான்கு நட்சத்திரம் அதற்குப் பிறகு நடந்ததற்காக. கொப்புளத்து நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு பாக்டீரியா நிறைய இருக்கிறது என்றார், ஆனால் அதோடு விடவில்லை. நன்னிஸியோப்சிஸ் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது, மஞ்சள் பூஞ்சை நோய் என்று பல்லி வளர்ப்பவர்கள் பயப்படுவது இதைத்தான், பார்க்க இதே பொருக்கு மாதிரி தொடங்கித் தசை, எலும்பு வரை இறங்கும், மற்றப் பல்லிகளுக்கும் தொற்றும். மேலே சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தால் தொட்டி மண்ணில் கிடக்கிற சாதாரணப் பூஞ்சையும் சேர்ந்து வளர்ந்து குழப்பும். அதனால் மயக்கம் கொடுத்து ஒரு துளி தோலை வெட்டி, பாதியைத் திசுப் பரிசோதனைக்கும் பாதியைக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பினார். பில்லில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போனது. திசுவில் பூஞ்சை இழை எதுவும் இல்லை, கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தது. பூஞ்சையாக இருந்திருந்தால் வோரிகோனசோல் மாதிரி மருந்து, மாதக்கணக்கில் வைத்தியம். தெரியாமல் இன்னும் நான்கு களிம்பு வாங்கியிருப்பேன்.

வீட்டில் நாம் செய்ய வேண்டிய வைத்தியம் சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை செஃப்டாஸிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, முன்னங்காலில்தான் போட வேண்டும், பின்பக்கம் போட்டால் மருந்து உடம்பில் சுற்றும் முன்பே சிறுநீரகத்துக்குப் போய்விடலாம் என்றார். அளவு நிரப்பிய ஊசிகளை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் பல்லி மருந்து, அம்மாவின் முகத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் அயோடின் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைக்க வேண்டும். நிறம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, ஐஸ் கரைந்துபோன தே ஓ (பால் இல்லாத டீ) மாதிரி என்றார் அங்கே வேலை செய்யும் அக்கா. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தனி வாளி, சமையலறை சிங்க் பக்கமே போகக்கூடாது, சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தரைக்கு வெறும் டிஷ்யூ பேப்பர், அழுக்கானால் உடனே மாற்றணும். சூடான மூலை 32 டிகிரி. தோல் உரிக்க மட்டும் ஈரப் பாசி வைத்த ஒரு சின்ன டப்பா, அது இல்லாவிட்டால் விரலில் தோல் இறுகி நுனியே போய்விடுமாம். புண் ஆறும் காலத்தில் மிளகு அடிக்கடி தோல் உரித்தது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொருக்கு கழன்றது. ஆறு வாரத்தில் அடிவயிறு வெளுத்துவிட்டது, எடை இப்போது 55.

குறைக்கு வருகிறேன். செலவு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, கவுண்டரில்தான் தெரிந்தது. ஊசி போடக் கற்றுக் கொடுத்தது இரண்டே நிமிடம், முதல் ஊசியில் பாதி மருந்து தோலுக்கு வெளியே போய்விட்டது. ஃபோன் அடித்தால் எடுக்க மாட்டார்கள். கல்ச்சர் முடிவு வந்து நான்கு நாள் கழித்து, நானே வாட்ஸ்ஆப்பில் கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள்.

போகிறவர்கள் தொட்டிப் படம், தெர்மாமீட்டர் அளவு, இதுவரை தடவிய மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மேசையில் ஏற்றும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். காத்திருக்கும் இடத்தில் ஏர்கான் பல்லியைக் கொல்கிற மாதிரி இருக்கிறது, டப்பாவை ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.