அழகாபுரத்துக்கு ஆட்டோகேட், ஏற்காட்டுக்கு எது?

போன வருஷம் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டு வேலை வந்தது. ஒன்று சேலம் அழகாபுரத்தில். முப்பதுக்கு நாற்பது மனை, கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு தளம், மேலே மொட்டை மாடி. இன்னொன்று ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். சாலை ஓரத்திலிருந்து பின்பக்கம் 14 அடி இறங்கும் சரிவு, அதன்மேல் ஓட்டுக் கூரை. இரண்டையும் வீட்டுப் படம் வரையும் மென்பொருள்களில் நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தேன்: ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் சேர்ந்த பழைய ஜோடி, ரெவிட், சீஃப் ஆர்க்கிடெக்ட், இலவசமாகக் கிடைக்கும் ஸ்வீட் ஹோம் 3டி.

எதில் என்னென்ன வசதி என்று பட்டியல் போட வரவில்லை. முரண்டு பிடிக்கும்போது எது எவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருகிறது, அதுதான் எனக்குக் கணக்கு.

உள்கூடு 11 அடி

நம் ஊரில் பிளான் போட உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் கேட்பது மனையடி அளவு. ஹால் உள்கூடு 16 அடி, படுக்கையறை 11 அடி, இதில் அரை அங்குலம் குறைந்தாலும் முகம் மாறிவிடும். ரெவிட்டில் சுவர் போட ஆரம்பித்தால் அது இயல்பாகவே சுவரின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொள்ளும். 11 அடி என்று தட்டினால் 9 அங்குலச் சுவரில் பக்கத்துக்கு நாலரை அங்குலம் உள்ளே வந்து, மிச்சம் 10 அடி 3 அங்குலம்தான். ஸ்வீட் ஹோம் 3டியிலும் இதே கதை.

ரெவிட்டில் இதற்கு ஒழுங்கான வழி உண்டு. சுவர் போடும் முன் லொகேஷன் லைனை, அதாவது சுவர் எந்தக் கோட்டைப் பிடித்து அளக்கிறதோ அதை, உட்புறப் பூச்சு முகத்துக்கு மாற்றிவிட்டால் போதும். சுவர் வகையில் பூச்சையும் ஓர் அடுக்காகச் சேர்த்திருந்தால், தட்டுகிற அளவு பூசி முடித்த அளவாகவே நிற்கும். இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு பக்கமும் 12 மி.மீ. பூசினால் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் போய்விடும், கல்லுக்குக் கல் 11 அடி விட்ட அறை கடைசியில் 10 அடி 11 அங்குலமாக நிற்கும். நானே ஒருமுறை இதில் மாட்டி, அந்த வீட்டுக்காரர் கிரகப்பிரவேசம் வரைக்கும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஸ்வீட் ஹோமில் 11 அடி 9 அங்குலம் என்று கூட்டித் தட்டுவதைத் தவிர வேறு சுருக்கு வழி எனக்குப் பிடிபடவில்லை. பூச்சுக்கு இன்னும் ஓர் அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டோகேடில் இந்தத் தொல்லையே கிடையாது. உள் செவ்வகத்தை முதலில் வரைந்து 9 அங்குலம் வெளியே ஆஃப்செட் செய்தால் முடிந்தது. சீஃப் ஆர்க்கிடெக்ட் அமெரிக்க மரச்சட்ட வீட்டுக்காகப் பிறந்தது. அதற்குச் சுவர் என்றாலே உள்ளே மரக்கட்டை, வெளியே பலகை. செங்கல் சுவர் வகை ஒன்றை நாமே அமைத்து, அதையே இயல்பு வகையாக வைத்துக்கொள்ளாவிட்டால் ஒவ்வொரு அறையிலும் அடி வாங்குவோம்.

சன்ஷேடு என்ற ஒன்று அவர்களுக்குத் தெரியாது

ஜன்னலுக்கு மேல் 2 அடி நீட்டிக்கொண்டு நிற்கும் கான்கிரீட் பலகைக்கு இந்த நான்கிலும் தயாராக ஒரு கருவி இல்லை. ரெவிட்டில் சிலர் தனித் தளமாக வரைகிறார்கள். ஜன்னலை அரை அடி நகர்த்தினால் சன்ஷேடு பழைய இடத்திலேயே அந்தரத்தில் தொங்கும். ஜன்னலின் அச்சுக் கோப்பான ஃபேமிலியைத் திறந்து அதற்குள்ளேயே சன்ஷேடை வரைந்து, நீட்டத்தை ஒரு அளவுருவாக வைத்துவிட்டால் ஜன்னல் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ஒரு மதியம் செலவாகும், அப்புறம் எல்லா வீட்டுக்கும் உதவும்.

ஸ்கெட்ச்அப்பில் வேறு தொல்லை. ஒருமுறை செய்து பல இடத்தில் வைக்கும் ஜன்னல் பாகத்தை, அதாவது காம்பொனென்ட்டை, சுவரில் ஒட்டினால் அது ஒரு முகத்தை மட்டும்தான் வெட்டும். நம் 9 அங்குலச் சுவருக்கு இரண்டு முகம். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல், உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் சுவர்! உள்முகத்திலும் அதே அளவுக்குச் செவ்வகம் வரைந்து புஷ்-புல் கருவியால் தள்ளித் திறக்க வேண்டும். பத்து ஜன்னல் வரைக்கும் பொறுமை இருக்கும். அதற்குமேல் இரண்டு முகத்தையும் சேர்த்து வெட்டும் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்) ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

கிரில், கைப்பிடி மாதிரி பொடி வேலையில் ஸ்கெட்ச்அப்புக்கு இன்னொரு பழக்கம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமான விளிம்புகளில் முகம் உருவாகாமல் ஓட்டை விழும். காம்பொனென்ட்டின் ஒரு நகலை நூறு மடங்கு பெரிதாக்கி, அதில் வேலையை முடித்துவிட்டு நகலை அழித்துவிடுங்கள். அசல் தன் அளவிலேயே சரியாக வந்திருக்கும்.

சர்வே படம் வந்த கதை

ஏற்காட்டு மனையை அளந்தவர் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவி வைத்து அருமையாக அளந்திருந்தார். படம் மீட்டரில் இருந்தது, யு.டி.எம். என்ற உலக வரைபட ஆயத்தொலைவில் இருந்தது. அதாவது பூமத்திய ரேகையிலிருந்து கணக்குப் போட்டு, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தள்ளி மனை உட்கார்ந்திருக்கும். அதில் அவர்மேல் குற்றம் ஒன்றும் இல்லை, அப்படியே இழுத்துப் போட்டது என் அவசரம். ஸ்கெட்ச்அப்பில் கோடுகள் நடுங்கின, கிட்டப் போனால் பாதிச் சுவர் மறைந்தது. ரெவிட் தன் உள் ஆதிப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குமேல் எதுவும் இருந்தால் எச்சரிக்கை கொடுக்கும்.

ஆட்டோகேடில் ஒரு நகல் எடுத்து, மனையின் ஒரு மூலைக்கல்லைச் சுழியத்துக்கு நகர்த்தி, ஃப்ளாட்டன் (தட்டையாக்க), ஓவர்கில் (இரட்டைக் கோடு நீக்க), பர்ஜ் (வேண்டாததைக் கழிக்க), ஆடிட் (கோப்புப் பிழை திருத்த) என்ற நான்கு கட்டளைகளையும் ஓட்டிவிட்டு அப்புறம்தான் மற்றதற்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே எச்சரிக்கை: உயரக் கோடுகளை ஃப்ளாட்டன் செய்துவிடாதீர்கள், சரிவே தட்டையாகிவிடும். எல்லைக் கோட்டுக்கு மட்டும். அளவு அலகு தப்பி வந்துவிட்டால் ஸ்கெட்ச்அப்பின் டேப் கருவியால் தெரிந்த ஒரு பக்கத்தை அளந்து, உண்மை நீளத்தைத் தட்டினால் மொத்த மாடலையும் மாற்றவா என்று கேட்கும், சரி என்றால் போதும். பிரவுசரில் ஓடும் இலவச ஸ்கெட்ச்அப்புக்குள் ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பு போகாது. படத்தை பி.என்.ஜி.யாக எடுத்து ஒட்டி, இதே டேப் வித்தையைச் செய்யலாம்.

இந்த இடத்தில் ஆட்டோகேடு இல்லாத ஆபீஸ் கொஞ்சம் திண்டாடும். 1982 டிசம்பரில் வந்த மென்பொருள், இன்னமும் எல்லாரும் இதன் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

சரிவில் யார் நிற்கிறார்கள்

ஏற்காட்டு வீட்டில் முன் அறைகள் சாலை மட்டத்திலும், பின் அறைகள் 5 அடி இறக்கத்திலும் உள்ளன. ரெவிட்டின் தளப் படம் இயல்பாகத் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் வெட்டிக் காட்டும். முன் தளத்திலிருந்து 4 அடி என்றால் பின் அறைத் தரையிலிருந்து 9 அடி. லிண்டல் 7 அடியில் முடிந்துவிடுகிறது. ஆகப் பின் அறைகளின் ஜன்னல் ஒன்றுகூடப் படத்தில் இல்லை! நான் அரை நாள் ஜன்னலைத் தேடினேன். பின்பகுதியைச் சுற்றி ஒரு பிளான் ரீஜன் (தனி எல்லை) வரைந்து, அதற்குத் தனி வியூ ரேஞ்ச் (வெட்டிக் காட்டும் உயரம்) கொடுத்ததும் எல்லாம் வந்து நின்றன. மண்ணுக்கு ரெவிட் 2024 பதிப்பிலிருந்து டோப்போசாலிட் என்ற கருவி. பழைய வீடியோக்களில் மண்ணை வெட்ட வரும் பில்டிங் பேடைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், வெற்று மாஸ் (வெட்ட மட்டும் உதவும் உருவம்) போட்டு வெட்டிக்கொள்ளலாம்.

ஓட்டுக் கூரையில் சீஃப் ஆர்க்கிடெக்ட்டை அடிக்க ஆள் இல்லை. சுவர் மூடியதுமே கூரை தானாக ஏறிவிடுகிறது, சாய்வை மாற்றினால் இறவாரம், மூலை வாரை எல்லாம் தானாகச் சரியாகிறது. ஆனால் கையால் ஒரு கூரைத் தளத்தைத் திருத்தினால் தானியங்கிக் கூரையை உடனே அணைத்துவிடுங்கள், அடுத்த முறை அது கூரையைப் புதிதாகக் கட்டும்போது உங்கள் திருத்தம் போயே போய்விடும். தரை வீட்டுக்குள் முட்டிக்கொண்டு தெரிந்தால், வீடு வெட்டும் நிலத்தை மறைக்கச் சொல்லும் டிக் ஒன்று நில அமைப்பில் இருக்கிறது.

அதே மென்பொருளில் அழகாபுரத்து மொட்டை மாடியைக் கட்டிப் பாருங்கள். கூரை வேண்டாம் என்று ஒவ்வோர் அறையாகச் சொல்லி, மேலே இன்னொரு தளம் எழுப்பி, அதன் சுவரை 3 அடிக்குக் குறைத்துக் கைப்பிடிச் சுவர் ஆக்க வேண்டும். அவ்வளவு சுற்றுவதற்குப் பதில் ஸ்கெட்ச்அப்பில் கால் மணி நேர வேலை.

ஸ்வீட் ஹோம் 3டியில் நிலச் சரிவு கிடையாது. ஸ்கெட்ச்அப்பில் மண்ணைச் செய்து கே.எம்.இசட். கோப்பாகக் கொண்டுவந்து ஒரு நாற்காலி மேஜை போல வைக்கலாம், வெட்ட முடியாது. ஆனாலும் அதை ஒதுக்க மாட்டேன். பழைய லேப்டாப்பில் ஓடுகிறது, திசைகாட்டியைத் திருப்பினால் வெயிலின் போக்கு மாறுகிறது. அழகாபுரத்துக்காரர் குடும்பத்தோடு ஆபீஸில் உட்கார்ந்து சோபாவை நகர்த்தி நகர்த்திப் பார்த்தது அதில்தான்.

கடைசியில் அழகாபுரம் ஆட்டோகேடில் முடிந்தது, எலிவேஷன் மட்டும் ஸ்கெட்ச்அப். ஏற்காடு ரெவிட்டில். கூரை அழகுக்குச் சீஃப் ஆசைகாட்டியது. ஆனால் மலையில் அனுமதிக்குப் போகும் படத்தில் நிலத்தின் குறுக்குவெட்டு பிசகக் கூடாது, அங்கே ஹாகா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய விதிகளும் சேர்ந்து வரும். அந்த வெட்டுப் படம் மாடலை மாற்றும்போதெல்லாம் கூடவே மாறியது ரெவிட்டில்தான். ஒரே குறை, நான் வைத்திருக்கும் பதிப்பில் சேமித்த கோப்பு முந்தைய பதிப்பில் திறக்காது. ஸ்ட்ரக்சரல் பார்ப்பவரிடம் பழைய பதிப்பு. வாரம் ஒருமுறை டி.டபிள்யூ.ஜி. எடுத்து அனுப்புகிறேன், அவர் பீம் அளவைச் சிவப்பு மையில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்.